தாபோடி ஓவியங்கள்: பெயரும் நிலமும்

புனே நகரின் வடமேற்கில், முளா, பவனா ஆறுகள் கூடுமிடத்தை அடுத்து அமைந்த தாபோடி, இன்று இராணுவப் பொறியியல் கல்லூரியால் அறியப்படும் ஊராகும். சர் ஜான் மால்கம் பம்பாய் ஆளுநராக இருந்த காலத்தில் (1827-1830) அங்கு ஒரு தாவரவியல் தோட்டம் தோற்றுவிக்கப்பட்டது. 1838-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன், 1847 முதல் 1850 வரை ஓர் ஓவியரை அமர்த்திச் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரைவித்தார். ஏறத்தாழ 170 தாள்கள் கொண்ட அத்தொகுதி எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் உள்ளது. ஹென்றி நோல்டி 2002-இல் வெளியிட்ட நூலே இதனை விரிவாக அறிமுகப்படுத்தியது.

ஆங்கில ஏடுகளில் இவை ‘தாப்புரி ஓவியங்கள்’ எனப்படுகின்றன. ஊர்ப்பெயரின் நாவளை ஒலியை ஆங்கிலேயர் ரகரமாகக் கேட்டனர் என்பது வெளிப்படை. அண்டையிலுள்ள கட்கி ‘கிர்க்கீ’ ஆனதும், தமிழகத்தில் தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆனதும், தரங்கம்பாடி ‘டிராங்குபார்’ ஆனதும் இதே போக்கின. எனவே, தமிழில் எழுதுவோர் ‘தாப்புரி’ என்பதைத் தனியோர் ஊராகக் கொள்ளாது, தாபோடி என்றே வழங்குதல் தகும்.

தாவர ஓவியத்தை நிலக்காட்சி ஓவியம் என்று கூறுதல் பொருந்துமா என்னும் வினா இங்கு எழும். பொருந்தாது என்பதே நேரிய விடை. நிலக்காட்சி ஓவியர் தொடுவானத்தையும் ஒளியையும் பொழுதையும் முதலில் அமைக்கிறார். மரம் பின்னர் வருகிறது. தாவர ஓவியத்திலோ வெற்றுத்தாளே வானமும் மண்ணும் ஆகும். கிளை எங்கிருந்தும் தொங்குவதில்லை. நிழல் எதன்மீதும் விழுவதில்லை. தொல்காப்பியக் கலைச்சொற்களால் கூறின், முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் நீக்கப்பட்டுக் கருப்பொருள் மட்டும் எஞ்சி நிற்கிறது. சகியாத்திரி மலைச்செடியும் கடல்கடந்து வந்த செடியும் ஒரே வகையான வெண்மையில் நிற்பதற்கு இந்நீக்கமே காரணம். இது குறைபாடன்று, அடையாளம் காண்பதற்காக அறிந்தே செலுத்தப்பட்ட விலை.

தமிழ் மரபில் இதற்கு நேர்மாறான ஒரு சான்று உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறது. அங்கே நிலம் உண்டு, பொழுது உண்டு, மலர் கொய்யும் மகளிர் உண்டு. மலரின் உருவம் மட்டும் இல்லை. பெயர்களே உள்ளன. அவற்றுட் பலவற்றை இன்ன செடி என்று உறுதி செய்வதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் லத்தீன் பெயரை இடுவதா, தமிழ்ப்பெயரை அப்படியே விடுவதா என்று தடுமாறுவதும் அங்கேயே. தாபோடித் தாளில் உருவம் ஐயத்திற்கு இடமின்றி நிற்க, நிலம் மறைகிறது. குறிஞ்சிப்பாட்டில் நிலம் நிற்க, உருவம் நழுவுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பயிலும் அகராதிப் பணி தமிழில் மேலும் வளர வேண்டும்.

கிப்சனின் மற்றொரு பொறுப்பும் கருதத்தக்கது. 1847-இல், அதாவது ஓவியப்பணி தொடங்கிய அதே ஆண்டில், அவர் பம்பாய் மாகாணத்தின் காடுகளுக்குக் காப்பாளர் ஆனார். காடழிப்பு நீர்வளத்தைக் குன்றச் செய்யும் என்று அவர் அரசுக்கு எடுத்துரைத்தார். கானரா மலைகளில் காட்டை எரித்துப் பயிரிடும் ‘கும்ரி’ வேளாண்மையையும் எதிர்த்தார். தினைப்புனம் என்று சங்கப் பாடல்கள் கூறுவது இவ்வகை வேளாண்மைக்கு நெருங்கியதே. மக்களும் புனமும் இல்லாத காட்டை நிருவாகம் விரும்பியதற்கும், மண்ணும் மலையும் இல்லாத செடியை அறிவியல் விரும்பியதற்கும் ஓர் ஒப்புமை உண்டு. இஃது ஒப்புமையே அன்றிக் காரணகாரியம் அன்று, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இனி ஓவியர். அவர் போர்த்துக்கீசியர் என்று கூறப்படுகிறார். இச்சொல்லை அவ்வாறே தமிழில் எழுதினால், வாசகர் ஐரோப்பியர் ஒருவரை எண்ணிக்கொள்வர். அக்காலப் பம்பாய் வழக்கிலோ, போர்த்துக்கீசிய ஆட்சியின் வழிவந்த இந்தியக் கிறித்தவரையும் அது குறித்தது. ‘போர்த்துக்கீசிய மரபுப்பெயர் தாங்கிய இந்தியர்’ என விரித்தெழுதுதலே பிழைக்கு இடந்தராது. ‘அறியப்படாத ஓவியர்’ என்னும் வழக்கமான குறிப்பும் அவ்வாறே திருத்தத்திற்குரியது. அவரை அமர்த்தியவர்க்கு அவர் பெயர் தெரியாதிருந்திருக்க முடியாது. அறியப்படாமை ஓவியரின் இயல்பன்று; பதியாமை பிறரின் செயல். ‘பெயர் பதியப்படாத ஓவியர்’ என்பதே உண்மைக்கு அணுக்கமானது.

பதிதல் அக்காலத்தில் இயலாததாக இருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படத்தொகுதிகளில், ரங்கையா, கோவிந்து என்னும் இரு தெலுங்கு ஓவியர்களின் பெயர்கள் படங்களின் அடியில் அச்சாயின. வைட் ஒருபடி மேற்சென்று, ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்துவின் பெயரால் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். தாபோடி ஓவியர்க்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. தோட்டமும் 1865-இல் மூடப்பட்டது. கோவிந்துவின் பேரினமும் பின்னர்த் ‘திரோப்பிடியா’ என்பதனுள் அடக்கப்பட்டுவிட்டது. இன்று அப்பெயரைக் காண விழைவோர் வகைப்பாட்டு நூல்களின் வழக்கிழந்த பெயர்ப்பட்டியலுள் தேடவேண்டும்.