மொஃபசல் பேருந்து யார் அளவுக்குத் தைத்தது?

1972இல் தமிழ்நாட்டில் பேருந்துகளை நாட்டுடைமையாக்கத் தொடங்கியபோது அரசின் கைக்கு வந்தவை பல முதலாளிகளின் பலவிதமான வண்டிகள். பல்லவன், பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன் எனப் போக்குவரத்துக் கழகங்கள் பெயரால் பிரிந்திருந்தன (1997இல் அந்தப் பெயர்களும் போயின). வண்டி மட்டும் மெல்ல மெல்ல ஒரே அச்சுக்கு வந்தது: முன்பக்க இன்ஜின் வைத்த சேஸிஸ், கழகப் பட்டறையிலோ கரூரிலோ கட்டிய பாடி, ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர் அமரும் இருக்கை.

இந்த ஒருமையின் பலன் கொஞ்சமல்ல. ஸ்பிரிங் பட்டை முறிந்து வழியில் நின்ற வண்டிக்குப் பக்கத்து டெப்போவிலேயே மாற்றுப் பட்டை கிடைக்கும். பொருத்தத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். இன்று தென்காசி வண்டி ஓட்டியவர் நாளை தூத்துக்குடி வண்டியில் ஏறினாலும் கியர் புதிதாகப் பழக வேண்டாம். லாரிக்கு நெருங்கிய உறவு என்பதால் உதிரிபாகம் மலிவு. குண்டும் குழியுமான சாலையை அது சட்டை செய்வதில்லை. கடைக்கோடிக் கிராமம்வரை பேருந்து போவதில் இந்த முரட்டு வண்டிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் இந்த வண்டியின் அளவுகள் டெப்போவில் நின்று யோசித்தவை. லாரிச் சட்டத்தின்மேல் உட்காரும் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். மூட்டுவலிக்கார மூதாட்டி ஏறுவதைப் பாருங்கள். கூடையை முதலில் மேல்படியில் தள்ளுவார், கம்பியை இரு கையாலும் பற்றுவார், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுப்பார். அதற்குள் விசில் ஊதிவிடும். சக்கர நாற்காலியில் வருபவர் கணக்கிலேயே இல்லை.

பாடி கட்டுவதற்கான தேசிய விதி ஏஐஎஸ் 052 வந்தபின் அவசர வழி, இருக்கை அளவு போன்றவை ஒழுங்குக்கு வந்தன; நல்லதுதான். அதன் வகைப்பாட்டில் மட்டும் ஒரு வேடிக்கை. முதல் வகையான நகரப் பேருந்தில் நின்று பயணிக்க இடம் உண்டு. ஊர்விட்டு ஊர் போகும் மொஃபசல் பேருந்தான இரண்டாம் வகையில் நிற்பவருக்கென இடமே கிடையாது. காலை எட்டு மணிக்குத் திருநெல்வேலி–தென்காசி வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! மூன்றும் இரண்டுமாக இருக்கை போட்டது போக மிஞ்சும் சந்தில் நடத்துநர் நுழைவதே பெரும்பாடு. பூமூட்டையோ காய்கறிச் சாக்கோ வந்தால் அது நிற்பவர் காலடியில்தான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1960களின் இறுதியில் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கமே பொதுப் பேருந்துக்கு வரையறை வகுத்தது. தயாரிப்பாளர்கள் அதன்படி கட்டினார்கள். மெர்சிடிஸில் நகரத்துக்கு ஓ 305, வெளியூருக்கு ஓ 307. அங்கே அளவு சொன்னவர் வாங்கியவர். நம்மூரில் சேஸிஸ் சொன்ன அளவுக்கு வாங்கியவர் இணங்கிப்போனார்.

சென்னைக்கு 2024இல் வந்த தாழ்தளப் பேருந்துக்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகளின் நெடிய சட்டப் போராட்டம் இருக்கிறது. அதன் 400 மி.மீ. உயரத் தளம் மாவட்டச் சாலைகளுக்கு ஒத்துவராது என்பார்கள். ஓரளவு உண்மை. அதற்காக ஒரு படியைக்கூடக் குறைக்க முடியாது என்பதை ஏற்பதற்கில்லை. ஆயிரக்கணக்கில் வண்டி வாங்கும் கழகங்கள் கேட்டால் எந்தத் தயாரிப்பாளர் மறுப்பார்? தாழ்ந்த முதற்படி, இரண்டும் இரண்டுமான இருக்கை, கதவருகே மூட்டை வைக்க இடம்: இம்மூன்றையும் அடுத்த டெண்டரில் எழுதட்டும்.