சிவப்புத் தலை சகுராகிக்கு ஜே!

31 தொகுதிகளையும் படித்து முடித்த கையோடு மறுபடி முதலாவதை எடுத்துவிட்டேன். அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது பை நிறையக் கொண்டுவந்த ‘ஸ்லாம் டங்க்’! தகேஹிகோ இனோவே வரைந்த ஜப்பானிய மங்கா. என்ன ஒரு படைப்பு!

சகுராகி ஹனமிச்சி, பாஸ்கெட்பாலின் அரிச்சுவடிகூடத் தெரியாத சிவப்புத் தலை முரடன். மனசுக்குப் பிடித்த பெண் கேட்டாள் என்பதற்காக ஷோஹோக்கு பள்ளி அணியில் சேருகிறான். கதை அவ்வளவுதான். மாயசக்தி, மந்திரக்கல் எதுவும் கிடையாது. பந்தைத் தட்டப் பழகுவதிலிருந்து தொடங்கி, தேசியப் போட்டிக்கு முன் 20,000 முறை கூடைக்கு எறிந்து பழகுகிறான்.

அந்தப் பழக்கம் எதற்கு என்பது சன்னோ பள்ளியுடனான ஆட்டத்தில் தெரியும். கடைசி நொடிகளில் இனோவே வசனத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியேவிடுகிறார். பக்கம் பக்கமாகக் கால்கள், விரல்கள், வியர்வை, கடிகாரம். பந்து தரையில் மோதும் சத்தத்துக்குக்கூட எழுத்து இல்லை. ஆனாலும் அரங்கமே நம் காதுக்குள் அலறுகிறது! மூச்சுவிட மறந்து பக்கம் புரட்டினேன்.

இதைத்தான் ‘பின்னாலிருந்து படிக்கிற பொம்மைப் புத்தகம்’ என்கிறார்கள். இலக்கியம் பேசுகிறவர்கள் சொன்னால் பழகிப்போனது என்று விடலாம். இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து, அதற்காக அடியும் வாங்கிய என் வயது காமிக்ஸ் அன்பர்களே மங்கா என்றதும் முகம் சுளிக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. ஜப்பானிலும் 1955 வாக்கில் பெற்றோரும் ஆசிரியர்களும் காமிக்ஸைக் கெட்ட புத்தகம் என்று ஒழிக்கக் கிளம்பினார்கள். மங்கா மேதை தெசுகா ஒசாமுவின் படைப்புகள்கூட அந்த ஏச்சுக்குத் தப்பவில்லை.

பிள்ளைகளின் கண் லேசுப்பட்டதில்லை. ‘ஸ்லாம் டங்க்’ 1990 முதல் 1996 வரை வந்த ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில், வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த தொடர் எது என்று அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள். அவர்களுக்குப் பிடிக்காத தொடர் சீக்கிரமே நின்றுபோகும். பள்ளிப் பையன்கள் வாராவாரம் வைத்த அந்தப் பரீட்சையில் ஆறு ஆண்டு நின்ற படைப்பு இது! 10 கோடிப் பிரதிகள் விற்றதும் இனோவே நன்றி சொன்ன விதம் இருக்கிறதே! 2004 டிசம்பரில், கனகாவாவில் மூடிக்கிடந்த ஒரு பள்ளியின் 23 கரும்பலகைகளில் சுண்ணக்கட்டியால் கதையின் தொடர்ச்சியை வரைந்து வாசகர்களை அழைத்தார். தன் வாசகரை இப்படி மதித்தவர்கள் எத்தனை பேர்?

ஆரம்பத் தொகுதிகளில் அடிதடி கூடுதல்தான். பயிற்சியாளர் அன்சாய் முன்னால் பழைய வீரன் மிட்சுயி உடைந்து அழும் எட்டாம் தொகுதி வரை பொறுத்துப் படியுங்கள். அதற்கப்புறமும் பொம்மைப் புத்தகம் என்கிறவர் எங்கள் வீட்டுக்கு வரலாம். விடிய விடிய வாதாட நானும் தயார், என் அக்கா மகளும் தயார்.