ராணி என்பது பெயரா?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்து செஞ்சியைத் தாண்டும்போது, எத்தனை முறை பார்த்திருந்தாலும், கண் மலைப் பக்கம் போய்விடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, முதுகலைத் தமிழ் மாணவியரோடு அங்கே போனேன். உள்ளூர்க்காரர் ஒருவர் சுற்றிக் காட்டினார். நல்ல மனிதர், வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தாலும் ஊர்மேல் பிரியம் உள்ளவர். அவர் சொன்ன கதையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு இங்கே வாசிக்கிறேன். நம் பாடநூல்களைவிட அதிகம் பேர் காதில் விழும் பிரதி அது.

ஆண்டுகள் அவருக்கு அத்துப்படி. 1677இல் சிவாஜி பிடித்தது, ராஜாராம் இங்கிருந்து முகலாயர்களை எதிர்த்து நின்றது, 1698இல் கோட்டை விழுந்தது, 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். பிடித்தவர், இழந்தவர் எல்லோருக்கும் பெயர் இருந்தது. கல்யாண மகாலுக்கு வந்ததும் பெயர்கள் நின்றுவிட்டன. “இங்கதான் ராணிங்க இருந்தாங்க. காத்து எப்படி வருது பாருங்க பாப்பா. மண்குழாய் வச்சி மேல் மாடிக்கே தண்ணி ஏத்தியிருக்காங்க.”

அன்று தாமதமாக வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “தண்ணிய குழா ஏத்துச்சி. சோத்த யாருண்ணே ஏத்துனது?”

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். பிறகு களஞ்சியத்துக்கு நடந்தோம். அதன் பருமன், சுவரின் கனம் என எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நெல்லைக் குத்தியது யார் என்று அந்தக் கதையில் இடமில்லை. குதிரை லாயம் உண்டு, யானைக்குளம் உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு. அடுப்பு மட்டும் இல்லை.

செட்டிக்குளத்தருகே ஒரு மேடை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்குராஜனை எரித்த இடம் என்று சொல்லப்படுவது. அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் இங்கேதான் என்பார்கள். அவர் குரல் தழைந்தது. “பத்தினி. கும்புட்டுக்குங்க, நல்ல புருஷன் கெடைப்பான்.” இரண்டு பெண்கள் கைகூப்பினார்கள். அதே மாணவி, “அவங்க பேரு என்னாண்ணே?” என்றாள். “ராணிபாய்.” “ராணின்றது பேராண்ணே?”

அந்தக் கேள்விக்கு நானும் முனைவர் பட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தேசிங்கு கதைப்பாடலில் குதிரைகளுக்குக்கூடப் பெயர் உண்டு: பாராசாரி, நீலவேணி. அவளுக்குக் கிடைத்ததோ ஒரு பட்டம், அதன் பின்னால் ஒரு மரியாதை விகுதி. அவள் நினைவாக ஒரு ஊரே எழுந்தது என்கிறார்கள், அதுவும் ராணிப்பேட்டை. இன்று அது ஒரு மாவட்டம். ஊர், மாவட்டம் எல்லாம் கிடைத்தும் அவள் பெயர் கிடைக்கவில்லை. சிதையில் ஏறச் சம்மதித்தாளா, ஏற்றப்பட்டாளா என்று கேட்கவே முடியாதபடி ‘பத்தினி’ என்ற ஒரு சொல் வாயை அடைத்துவிடுகிறது. ராஜஸ்தானில் ரூப் கன்வர் எரிந்த 1987இல்தான், உடன்கட்டையைப் புகழ்வதையும் குற்றமாக்கிய சட்டம் வந்தது. ஆனால் ஒரு குளக்கரையில் இருபது வயதுப் பெண்களிடம் தழைந்த குரலில் சொல்லப்படும் ஆசீர்வாதத்தை எந்தச் சட்டம் கேட்கப்போகிறது?

இத்தனைக்கும் இதே மண்ணில் இன்னொரு கதை இருக்கிறது. பக்கத்திலுள்ள மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை மூலக்கோயில் என்று சொல்கிறார்கள். செஞ்சியை ஆண்ட சுனீதனுக்குத் துணையாகப் பாஞ்சாலி மறுபடி இங்கே வந்தாள் என்பது அந்த மரபு. ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சி உண்டு. நெருப்பில் பிறந்தவள், சபை நடுவே கேள்வி கேட்டவள், முடியாத கூந்தலோடு நின்றவள். ஒருத்தி நெருப்பிலிருந்து வருகிறாள், ஒருத்தி நெருப்புக்குள் போகிறாள். சுற்றிக் காட்டும் பாதையில் இரண்டாமவள் மட்டும் இருக்கிறாள்.

கொரியத் தொடர்கள் பார்க்கும் என் மாணவியருக்கு ஒன்றைச் சொன்னேன். சியோல் அரண்மனைச் சமையலை 1970களின் தொடக்கத்தில் அந்த நாடு தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது, அதைக் கையில் வைத்திருந்தவராக அங்கீகரிக்கப்பட்டவர் ஹான் ஹுய்-சுன் என்ற பெண். அரண்மனை அடுக்களையில் வேலை பார்த்தவர். அங்கும் அந்தப்புரம் சிறைதான். ஆனாலும் அடுப்படியில் நின்ற ஒருத்தியின் பெயர் வரலாற்றில் ஏறியிருக்கிறது. ஏற்ற வேண்டும் என்று யாராவது நினைத்தால்தான் அது நடக்கும்.

மதியம், தாமதமாக வந்தவள் எங்களைச் செஞ்சி வாரச்சந்தைக்குக் கூட்டிப்போனாள். காலையில் அவள் வந்தது அங்கிருந்துதான். “மேல ஆட்டு வாசன அடிக்குதா மேடம்?” என்று அப்போது கேட்டிருந்தாள், எனக்குப் புரியவில்லை. ஆட்டு வியாபாரம் விடிவதற்குள் முடிந்து, காய்கறியும் கருவாடும் மட்டும் மிச்சமிருந்தன. அவள் அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினாள். எங்கே இருட்டில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், எந்த வியாபாரி “வூட்ல ஆம்பள வரலியா?” என்று கேட்டார், அம்மா “வளத்தது நானு, எங்கிட்டயே பேசு” என்று எப்படிச் சொன்னார் என்று இடம் இடமாகக் காட்டினாள். அந்தப் பணம் அவளுடைய பருவத் தேர்வுக் கட்டணம்.

சந்தையைப் பெண்களின் சொர்க்கமாக்க நான் விரும்பவில்லை. வளர்ப்பவள் பெண், விலை சொல்பவன் ஆண் என்பது அங்கே இன்னும் மாறவில்லை. ஆனால் கோட்டையில் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருந்தது: சோற்றை ஏற்றியவர்கள் இவர்கள். மலையிலிருந்து சந்தைக்குச் சிறிது தூரம்தான். சுற்றிக் காட்டுகிறவர்கள் அதையும் சேர்த்து நடக்கலாம்.

அடுத்த வருடமும் போவோம். முதலில் சந்தை, பிறகு கோட்டை. மேடையருகே யாரையும் கும்பிடச் சொல்லப்போவதில்லை. “இவள் பெயர் நமக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்வேன்.