வாசல் இல்லாதவர்களின் குப்பை

திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே தரம் பிரித்துத் தரச் சொல்கின்றன. நல்ல முறைதான். மீன் செதிலும் வாழையிலையும் தனியே வந்தால் உரமாகும்; பாட்டில் சுத்தமாக வந்தால் விலைபோகும். கலந்துவிட்டால் இரண்டுமே வீண். ராமேசுவரம் பக்கத்தில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு வீட்டுத் தெருவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு வாசல் வேண்டும். ராமேசுவரத்தின் குப்பையை அதிகமாக்குகிறவர்களில் பலர் யாத்ரீகர்கள்; அவர்களுக்கு அந்த ஊரில் வாசலே கிடையாது. 2011 கணக்குப்படி நகரத்தில் சுமார் 45 ஆயிரம் பேர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

அக்னி தீர்த்தக் கரையில் நின்று பாருங்கள். தர்ப்பணம் முடித்துக் கடலில் மூழ்குகிறவர்களில் பலர், உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடப் போகிறார்கள். தூய்மைப் பணியாளர் ஒரு சேலையின் முனையைப் பிடித்து இழுக்கிறார்; வரவில்லை. பாதி மணலுக்குள் கிடக்கிறது. குனிந்து கையால் தோண்டித்தான் எடுக்கிறார். உப்பும் மணலும் ஏறிய அந்தப் பாலியஸ்டர் சேலை மக்கவும் செய்யாது, விலைக்கும் போகாது. எந்தத் தொட்டியில் போடுவது?

அவர் கையில் சிக்காதது கடலோடு போகிறது. வலையில் மாட்டும், படகு விசிறியில் சுற்றும். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் இதே கரையோரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள பவளத்தின்மேல் துணியோ அறுந்த வலையோ படிந்தால் வெளிச்சம் மறையும்; வெளிச்சமில்லாமல் அந்தப் பவளம் பிழைக்காது.

2019-இல் தமிழ்நாட்டில் வந்த பிளாஸ்டிக் தடை உள்ளூர்க் கடைகளைக் கட்டுப்படுத்தலாம். வெளிமாநிலத்திலிருந்து ரயிலில் வரும் பையை என்ன செய்யும்?

குப்பை பற்றிய ஆய்வுகளுக்கும் வாசலை மட்டுமே பார்க்கும் இந்தக் குறை உண்டு. ஆள் ஒன்றுக்கு இத்தனை கிராம் என்று வீட்டுக் குப்பையை நிறுத்தால் ராமேசுவரத்தின் கணக்கு வராது. அமாவாசைக் குப்பையைத் தனியே, கரையிலேயே நிறுக்க வேண்டும். வாடைக் காற்றில் ஒதுங்குவதையும் சேர்க்க வேண்டும். தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் விடுதிகளுக்கு விதியிலேயே தனிப் பொறுப்பு உண்டு. அதைக் கறாராகக் கேட்க வேண்டும்.

மூழ்கி எழுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஈரத்துணியைப் பிழிந்து, கொண்டுவந்த பையிலேயே ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள்.