அமுதசுரபியும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தைக் குறித்து நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் குறை ஒன்று உண்டு. கதை சுவைபட நடந்து வந்து, இறுதிக் காதைகளில் தருக்கத்துள் புகுந்து வறண்டுவிடுகிறது என்பதே அது. 1898-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பதிப்பித்து வழங்கிய இந்நூலை எடுத்துப் படிக்கும் நம்மனோர் பலரும் அவ்விடம் வந்ததும் ஏட்டை மூடிவிடுகிறோம். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அக்காதைகள் நிற்கும் வரிசையை நோக்குமிடத்து வேறொரு பொருள் புலப்படுகிறது.

இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். இருபத்தொன்பதாம், முப்பதாம் காதைகளில் அறவண அடிகளிடம் பௌத்த தருமம் கேட்கிறாள். இவற்றிற்கு இடைப்பட்ட காதையிலோ, மழை பொய்த்து வாடிய காஞ்சி நகர் நிற்கிறது. பிறர் சமயம் கேட்டு முடித்தவள், தன் சமயம் கேட்கத் தொடங்குமுன், பசித்த ஊருக்குச் சோறிடுகிறாள். முதலில் சோறு, பின்னர் தருமம் என்னும் இவ்வரிசையே சாத்தனார் உணர்த்தும் தலையாய கருத்து என்பது நம் துணிபு.

அமுதசுரபியின் முன்வரலாறும் இதற்குச் சான்றாகும். அதனை முதலில் ஏந்திய ஆபுத்திரன், மழைவளம் சுரந்து தன்னாட்டில் பசித்தோர் இல்லாது போகவே, வறட்சியுற்ற சாவக நாட்டைத் தேடிக் கப்பலேறினான். இடைவழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுக் கப்பல் சென்றுவிட்டது. பல்லாயிரவர்க்கு ஊட்டவல்ல பாத்திரம் கையிலிருந்தும், தன் ஒருவன் வயிற்றுக்கு மட்டும் அதனைப் பயன்படுத்த மனம் ஒப்பாமல், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர் நீத்தான். அவன் தேடிச் சென்ற மக்கள் அவன் நாட்டினரும் அல்லர், அவன் மொழியினரும் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

அப்பாத்திரம் மணிமேகலை கைக்கு வந்த பின்னும் தானாகச் சுரக்கவில்லை. ஆதிரை என்னும் இல்லறத்தாள் முதற் பிச்சையிட்ட பின்னரே அது பயன்படுகிறது. துறவியின் கருணைக்கும் ஒரு குடும்பத்தின் அடுக்களையே தொடக்கம் எனப் புலவர் வைத்த நுட்பம் போற்றற்குரியது.

இக்காப்பியத்தின் சிகரம் சிறைக்கோட்டக் காட்சியே எனலாம். கைதிகள் செய்த குற்றம் யாதென வினவாமல் அவர்களுக்கு உணவூட்டுகிறாள் மணிமேகலை. வியந்த மன்னன், வேண்டுவது யாதெனக் கேட்கிறான். அவள் தனக்கென ஒன்றும் கேட்டிலள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்கிறாள். நாள்தோறும் கோப்புகளோடு உறவாடும் நம்போன்றோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இரக்கம் ஒருவர் உள்ளத்தோடு நின்றுவிட்டால் அவரோடு மறையும். ஆணையாகவும் அமைப்பாகவும் ஆனாலன்றோ நிலைக்கும்? பின்னர், இளவரசன் கொலையுண்டபோது, அதே மன்னன் ஆணையால் அவளே காவலில் வைக்கப்படுகிறாள். அறம் செய்வார்க்கு உடனே நற்பரிசு கிட்டும் என்று சாத்தனார் நம்மை ஏமாற்றவில்லை.

எனினும், நாம் உடன்பட இயலாத கூறு ஒன்றும் இந்நூலில் உண்டு. துன்பம் அனைத்திற்கும் பழவினையே காரணம் எனக் கூறப்படுகிறது. தீராப் பெரும்பசியால் வருந்தும் காயசண்டிகைக்கும் முனிவர் ஒருவரின் சாபமே காரணம். இவ்விளக்கம், வறியோர் வறுமைக்கு அவரையே பொறுப்பாக்கும் கொடுமைக்கு இடந்தரும். ஆனால் மணிமேகலையின் கை, அவ்விளக்கத்திற்காகக் காத்திருக்கவில்லை. உலக அறவியில் திரண்ட குருடரையும் முடவரையும் ஆதரவற்றோரையும் நோக்கி, இவர் வினை யாதென அவள் ஆராயவில்லை.

நூலின் கொள்கைக்கும் தலைவியின் செயலுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு, நம் காலத்துப் பௌத்தத்திலும் ஆராயப்பட்டது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவிய டாக்டர் அம்பேத்கர், துன்பத்தின் வேரைப் பழவினையில் தேடாமல் சமூக அநீதியில் கண்டார். போர் மூண்டிருந்த வியட்நாமில், 1960-களில், திக் நாட் ஹான் என்னும் துறவி, தியானத்தையும் சிற்றூர்ப் பணியையும் ஒன்றாக்கி, தொண்டு புரிய இளைஞர்களைப் பயிற்றும் பள்ளியை நிறுவினார். மணிமேகலையின் கை செய்ததை இவர்கள் கொள்கையாகவும் வகுத்தனர் எனலாம்.

பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்து வந்து, மொழியைக் காக்கச் சங்கம் அமைத்துள்ள குடும்பங்கள் நாம். பொங்கல் நாளில் நம்மவர்க்கு இலையிட்டு மகிழ்கிறோம், அது வேண்டுவதே. ஆயின் புகாரிலும் வஞ்சியிலும் காஞ்சியிலும் நடந்த மணிமேகலை, எவ்வூரில் இருந்தாளோ அவ்வூர்ப் பசியையே தன் கடமையாகக் கொண்டாள். நாம் வாழும் இந்நகரின் நடைபாதையில் பசித்திருப்பவன் எம்மொழி பேசினாலும், நம் விழாப் பந்தியில் அவனுக்கும் ஓர் இலை விழுமாயின், மணிமேகலையைத் தமிழ்க் காப்பியம் எனப் பெருமை பேச நமக்கு உரிமை உண்டு.