கடைசியாக உருவாக்கிய யூனிட் யாருடையது?

வார்கிராஃப்ட் 3 ஆட்டத்துக்குச் சொந்தமாக மேப் செய்ய உட்காருகிறவர் தன் நாயகனுக்கு முதல் மந்திரத்தை அமைக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார். மேப் செய்யும் கருவியான வேர்ல்ட் எடிட்டரின் நிகழ்வுப் பட்டியலில் 'யூனிட் ஒரு திறனை ஏவத் தொடங்குகிறது' என்று ஒரு வரி இருக்கும். 'திறனின் விளைவு தொடங்குகிறது' என்று இன்னொரு வரியும் இருக்கும். பார்த்தவுடன் முதல் வரிதான் சரியென்று தோன்றும். அதைத் தேர்ந்தெடுத்தால், ஆடுகிறவர் மந்திரத்தை ஏவத் தொடங்கி, உடனே நிறுத்தச் சொல்லி, மானா செலவாகாமல் விளைவை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். என் முதல் மேப்பில் இப்படித்தான் நடந்தது. விடுதி அறையில் லேனில் ஆடிய நண்பன் பத்து நிமிடத்தில் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டான். ஏவுதல் என்று நான் ஒற்றைச் சொல்லில் நினைத்திருந்தது உண்மையில் பல கணங்களின் வரிசை என்பதும், நிரல் அவற்றில் எந்தக் கணத்தில் விழித்துக்கொள்ள வேண்டும் என்று நான்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அன்று புரிந்தது. ஒரு பாடநூலும் எனக்கு இதை அவ்வளவு தெளிவாகச் சொல்லித்தந்ததில்லை.

அதனால்தான் இந்தக் கேள்வியை அக்கறையோடு எடைபோட விரும்புகிறேன்: ஸ்கிரிப்ட் எழுதக் கற்கும் ஒருவருக்கு வேர்ல்ட் எடிட்டர் நல்ல முதல் ஆசானா?

2002இல் ஆட்டத்தோடு சேர்ந்தே வந்த இந்தக் கருவியில் ஒவ்வொரு ட்ரிகருக்கும் மூன்று பகுதிகள்: நிகழ்வு, நிபந்தனை, செயல். எது நடந்தால், எப்போது மட்டும், என்ன செய்ய வேண்டும். இந்த வரிசையை நான் உயர்வாக மதிக்கிறேன். வகுப்பறையில் எழுதும் முதல் நிரல் மேலிருந்து கீழே ஓடி, ஒரு வரியை அச்சிட்டு, முடிந்துபோகும். மேப்பில் எழுதும் நிரல் முடிவதில்லை; யாராவது எதையாவது செய்யும்வரை காத்திருக்கிறது. நாம் அன்றாடம் தொடும் கைபேசிச் செயலியும் இணையப் பக்கத்துப் பொத்தானும் இதே விதத்தில்தான் இயங்குகின்றன. கல்லூரியில் பிற்பாடு வரும் ஒரு சிந்தனைமுறை இங்கே முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடுகிறது. எழுத்துப்பிழையால் நிரல் ஓடாமல் போகும் தொல்லையும் இல்லை. எல்லாமே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான். சோதிக்க ஒரு பொத்தான் போதும், அரை நிமிடத்தில் மேப்புக்குள் நிற்கலாம்.

இந்தக் கருவியின் பெருமையைச் சொல்ல எல்லோரும் டோட்டாவைக் காட்டுவார்கள். யூல் என்ற புனைபெயர்க்காரர் தொடங்கி, கின்சூவும் ஐஸ்ஃபிராக்கும் வளர்த்த அந்த மேப்பிலிருந்து ஒரு முழு ஆட்டவகையே பிறந்தது உண்மைதான். ஆனால் கற்பித்தலை எடைபோடும்போது அதைச் சான்றாக ஏற்கமாட்டேன். ஒரு மேதை என்ன சாதித்தார் என்பதிலிருந்து, சாதாரண மாணவருக்கு அந்தக் கருவி என்ன சொல்லித்தரும் என்று தெரிந்துகொள்ள முடியாது.

அதற்கு முந்தைய கருவிகளோடு ஒப்பிடுவதே பயனுள்ளது. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டிலும் 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இலும் ட்ரிகர்கள் இருந்தன, மாறிகள் இல்லை. ஒரு எண்ணை நினைவில் வைக்க ஸ்டார்கிராஃப்ட் மேப் செய்தவர்கள், ஆட்டத்தில் எங்கும் வராத ஒரு யூனிட்டின் இறப்புக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் மேப்பின் மூலையில் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஆட்களை நிறுத்திவைத்து, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதையே நினைவாக்கினார்கள். மாறி என்பது மதிப்பை வைத்துக்கொள்ளும் ஓர் இடம், அவ்வளவுதான் என்பதை இதைவிட உடல்பூர்வமாக யாரும் உணரமுடியாது. ஆனாலும் இப்படி உழைத்துப் பெற்ற திறமையின் பெரும்பகுதி அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிப்போகிறது. வேர்ல்ட் எடிட்டர் மாறி, வரிசை, லூப் எல்லாவற்றையும் அவற்றின் சொந்தப் பெயரிலேயே தந்தது. இந்த ஒப்பீட்டில் அது தெளிவாக மேலே நிற்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது, அது சிறியதல்ல. இந்த எடிட்டரின் வாக்கியங்கள் வாசிக்க எளிமையானவை. அந்த எளிமை ஓர் உண்மையை மறைக்கிறது. 'கடைசியாக உருவாக்கிய யூனிட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாயகன் மந்திரம் ஏவுகிறான். தீப்பிழம்பு ஒன்றை உருவாக்கு, மூன்று வினாடி காத்திரு, கடைசியாக உருவாக்கிய யூனிட்டை அகற்று. தனியாகச் சோதித்தால் பிசகே இல்லை. இரண்டு நாயகர்கள் ஒரு வினாடி இடைவெளியில் அதே மந்திரத்தை ஏவட்டும். முதலாமவனின் மூன்று வினாடி முடியும்போது கடைசியாக உருவானது இரண்டாமவனின் பிழம்பு. அது தன் நேரத்துக்கு முன்பே அணைகிறது. முதல் பிழம்பு மேப்பில் நிரந்தரமாக எரிந்துகொண்டிருக்கும். மாணவர் எழுதிய வாக்கியத்தில் தவறு தெரியாது, ஏனென்றால் 'கடைசியாக' என்பது இந்த மந்திரத்துக்குள் கடைசியாக என்றுதான் அவர் காதில் விழுகிறது. கருவிக்கோ அது மேப் முழுவதற்கும் பொதுவான ஒரே பெட்டி. கிளிக் செய்து உருவாக்கும் எல்லா மாறிகளும் இப்படிப் பொதுவானவையே. லூப் எண்ணும் மாறிகூடப் பொதுவானது. ஒரு லூப்புக்குள் அதே மாறியைப் பயன்படுத்தும் இன்னொரு லூப்பை வைத்தால் உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் கணக்கைக் குலைத்துவிடும். ஒரு மதிப்பு யாருடையது, எவ்வளவு நேரம் வாழும் என்ற கேள்வி நிரலாக்கத்தின் அடித்தளங்களில் ஒன்று. அந்தக் கேள்வியைக் கேட்கவே இடம்தராத கருவி, மாணவரைப் பல மாதம் தவறான தரையில் நடக்கவிடுகிறது.

நினைவகக் கசிவும் இதே இனம். 'நாயகன் நிற்கும் இடம்' என்று எழுதினால் ஒரு தகவலை வாசிப்பதாகவே தோன்றும். உள்ளே நடப்பது வேறு: ஒவ்வொரு முறையும் ஒரு புதிய புள்ளி உருவாகி நினைவகத்தில் தங்கிவிடுகிறது. 0.03 வினாடிக்கு ஒருமுறை ஓடும் ட்ரிகரில் அந்த வரி இருந்தால் இருபது நிமிட ஆட்டத்தில் 40,000 புள்ளிகள் சேரும். அகற்றுவதற்குப் பட்டியலில் ஒரு செயல்கூடக் கிடையாது. 'கஸ்டம் ஸ்கிரிப்ட்' என்ற ஒற்றை வரியைச் சேர்த்து, அதில் 'ரிமூவ் லொக்கேஷன்' என்று கையால் தட்ட வேண்டும். கிளிக் முறையை ஒழுங்காகப் பயன்படுத்தவே எழுத்து முறை தேவைப்படுகிறது.

அந்த எழுத்து முறைதான் ஜாஸ். ஒரு ட்ரிகரை அப்படியே ஜாஸாக மாற்றிக் காட்டும் கட்டளை எடிட்டரில் உண்டு. மாற்றினால் திரும்ப வழியில்லை. இதைப் பலர் அஞ்சுகிறார்கள், நான் பரிந்துரைக்கிறேன்: ட்ரிகரைப் பிரதி எடுத்து, பிரதியை மாற்றிப் பாருங்கள். தான் கிளிக் செய்தது எழுத்தில் எப்படி இருக்கிறது என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்கலாம். 'கடைசியாக உருவாக்கிய யூனிட்' அங்கே ஒரு சாதாரணப் பொது மாறியாக நிற்கும். 'லோக்கல்' என்ற ஒரு சொல்லால் ஒவ்வொரு ஏவலுக்கும் தனித்தனிப் பெட்டி கிடைக்கும். தீப்பிழம்புப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் ஜாஸும் கனிவான ஆசான் அல்ல. மதிப்புத் தராத மாறியை வாசித்தால், எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்த ஓட்டம் பாதியில் செத்துப்போகும். எங்கே செத்தது என்று திரையில் எண்களை அச்சிட்டுத் தேட வேண்டும். டைமர் அழைக்கும் ஃபங்ஷனுக்கு எந்த மதிப்பையும் கொடுத்தனுப்ப முடியாது. அதற்கான ஒழுங்கான வழி 2009இல் 1.24 பதிப்பு, மதிப்புகளைச் சேமித்துவைத்து எடுக்க உதவும் ஹாஷ்டேபிளைக் கொண்டுவந்தபோதுதான் கிடைத்தது. இவ்வளவு சிரமப்பட்டுக் கற்ற மொழி இந்த ஆட்டத்துக்கு வெளியே உதவாது. 2019இல் 1.31 பதிப்பு லுவாவை ஏற்றுக்கொண்டதை அதனால்தான் பெரிய திருப்பமாகக் காண்கிறேன். பிரேசிலில் 1993இல் பிறந்த லுவா எத்தனையோ ஆட்டங்களிலும் மென்பொருள்களிலும் வாழும் மொழி.

இந்த ஆசானிடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காத பாடம் ஒன்றும் உண்டு. பலர் சேர்ந்து ஆடும்போது யூனிட்டுகளின் நிலை வலையில் பயணிப்பதில்லை; ஆடுகிறவர்களின் கட்டளைகள் மட்டுமே போகின்றன. ஒவ்வொரு கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிட்டு, ஒரே விடைக்கு வர வேண்டும். 'இந்தக் கணினியில் ஆடுகிறவர் யார்' என்று கேட்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதை வைத்து ஒருவருக்கு மட்டும் கேமராவை நகர்த்தலாம். ஒருவர் கணினியில் மட்டும் ஒரு யூனிட்டை உருவாக்கினால் இரண்டு கணினிகளின் உலகங்களும் பிரிந்து, ஆட்டம் அவரை வெளியே தள்ளிவிடும். லுவாவில் டேபிளைச் சுற்றிவரும் வரிசைகூடக் கணினிக்குக் கணினி மாறி இதே விபத்தை உண்டாக்கலாம். ஒரே உள்ளீடு எங்கும் ஒரே விளைவைத் தர வேண்டும் என்ற கறாரான ஒழுக்கத்தை, நண்பன் ஆட்டத்திலிருந்து துண்டிக்கப்படும்போது கற்கிற மாணவர் மறக்கமாட்டார்.

2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2இன் எடிட்டர் நான் சொன்ன முதன்மைக் குறையைத் தீர்த்துவிட்டது என்பது நியாயமான வாதம். அங்கே கிளிக் முறையிலேயே லோக்கல் மாறிகள் உண்டு, மதிப்பை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன்களும் உண்டு. கருவி என்ற அளவில் அது மேலானது. ஆனால் ஒரு புதிய திறனை உருவாக்க, திறன், விளைவு, நடத்தை, திரையில் தோன்றும் உருவம் என்று தனித்தனிப் பதிவுகளை இணைக்க வேண்டும். தொடக்கக்காரர் தன் முதல் தீப்பந்தைப் பார்ப்பதற்குள் ஓரிரு நாள் போய்விடும். ஆர்வமும் அதோடு போகும். முதல் ஆசானுக்கு அது பொருந்தாது.

ஆகவே என் தீர்ப்பு: வேர்ல்ட் எடிட்டர் நல்ல முதல் ஆசான்தான், குறுகிய காலத்துக்கு மட்டும். முதல் பத்துப் பதினைந்து ட்ரிகர்களைக் கிளிக் முறையில் செய்யலாம். நிகழ்வுச் சிந்தனை அதற்குள் பதிந்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய ஒரு ட்ரிகரில் 'காத்திரு' என்ற செயலைச் சேர்க்கக் கை போகும் அந்த நிமிடமே எழுத்துக்கு மாறிவிட வேண்டும். அதற்குப் பிறகும் கிளிக்கிலேயே நீடித்தால், கற்பது கருவியின் ஓட்டைகளை அடைக்கும் வித்தையாகவே இருக்கும். மாறும்போது லுவாவுக்கு மாறுங்கள். பழைய மேப்புகளும் வழிகாட்டிகளும் ஜாஸில் இருப்பதால் அதை வாசிக்க மட்டும் பழகினால் போதும். செய்த மேப்பை விற்கும் கனவு இருந்தால் வேறு கருவியைப் பாருங்கள். 2020இல் இந்த ஆட்டத்தின் மறுபதிப்பான ரீஃபோர்ஜ்ட் வெளியானபோது வந்த விதிகள் இந்த மேப்புகளை ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனத்தின் உடைமை என்கின்றன.

அந்தப் பழைய மந்திரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் லுவாவில் புதிதாக எழுதினேன். விளைவு தொடங்கும் கணத்தில் விழித்துக்கொள்ளும் ஒரு நிகழ்வு, பிழம்புக்கு ஒரு லோக்கல் மாறி, மூன்று வினாடி டைமர், அது முடிந்ததும் பிழம்பை அகற்றும் ஒரு சிறு ஃபங்ஷன். பத்து வரிக்குள் முடிந்தது. இரண்டு நாயகர்களை நிறுத்தி ஒரு வினாடி இடைவெளியில் ஏவிப் பார்த்தேன். முதல் பிழம்பு தன் மூன்றாவது வினாடியில் அணைந்தது. இரண்டாவது இன்னும் ஒரு வினாடி எரிந்து, அதுவும் அணைந்தது.