அடுப்பைத் திறக்காதீர்கள்!

நெட்ஃப்ளிக்ஸில் ‘ப்ளோன் அவே’ என்று ஒரு போட்டி நிகழ்ச்சி. முதல் சீசன் 2019-ல் வந்தது. பார்த்திருக்கிறீர்களா? கனடாவில் ஹாமில்டன் என்ற ஊர். ஒரு பெரிய கொட்டகை. பத்து கண்ணாடிக் கலைஞர்கள், ஆளுக்கொரு நீளக் குழாய். முனையில் தீக்கோழி முட்டை மாதிரி உருகிய கண்ணாடி. ஊதுகிறார்கள், சுழற்றுகிறார்கள், கத்துகிறார்கள், சில சமயம் கீழே போட்டு உடைத்துவிட்டு அழுகிறார்கள். சுவரில் கடிகாரம் விரட்டுகிறது. கடைசியில் ஜெயித்தவருக்கு 60,000 டாலர் மதிப்புள்ள பரிசு.

நானும் ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்த்தேன். விறுவிறுப்புக்குக் குறைச்சல் இல்லை. கலைஞர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. என் புகார், எடிட்டர்மேல். பொருள் முடிந்ததும் தடித்த கையுறை போட்ட ஒருவர் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஓடி, ‘அனீலர்’ என்கிற இன்னொரு அடுப்புக்குள் வைப்பார். கதவு மூடும். அடுத்த ஷாட்டில் வெள்ளை மேடை, விளக்கு, நடுவர்கள். இடையில் அந்தப் பொருள் மெதுவாக ஆறிய நேரம் காணாமல் போய்விட்டது.

காணாமல் போன அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். ஏனென்றால், கண்ணாடியில் ஒரு வகைக் கலை இருக்கிறது. அதில் ஊதுவது, ஓடுவது, கத்துவது எதுவும் கிடையாது. வேலையின் பெரும்பகுதி, மூடிய கதவுக்கு வெளியே சும்மா இருப்பது. கண்ணாடி வார்ப்பு என்று பெயர். இதற்குத் தொழிற்சாலைகூட வேண்டாம். வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மின்சாரச் சூளை வைத்துக்கொண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏகப்பட்ட பேர் செய்கிறார்கள்.

செய்முறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு முகம் செய்வதாக வைத்துக்கொள்வோம். மாம்பழம் சைஸில் ஒரு முகம். முதலில் மெழுகில் செதுக்குவீர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் சிலிக்கா பொடியையும் சம எடையில் கலந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்த மெழுகைச் சுற்றி ஊற்றுவீர்கள். (மூக்கில் தரமான மாஸ்க் முக்கியம். சிலிக்கா தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.) இறுகியதும் ஆவி காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே முகத்தின் வடிவத்தில் ஒரு வெற்றிடம். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி சிலை வார்க்கிற அதே உத்திதான். ஒரு வித்தியாசம்: வெண்கலத்தை உருக்கிக் கொண்டுவந்து அச்சில் ஊற்றுகிறார்கள். சில நிமிட வேலை. கண்ணாடி அப்படி இல்லை. அச்சையும் கண்ணாடித் துண்டுகளையும் சேர்த்தே சூளையில் வைக்க வேண்டும். அச்சின் தலைக்குமேல் அடியில் ஓட்டையுள்ள ஒரு மண் பூந்தொட்டி. அதற்குள் துண்டுகள். சூடு 820 டிகிரி செல்சியஸ் வாக்கில் வரும்போது, கண்ணாடி தேன் மாதிரி ஓட்டை வழியே இறங்கி அச்சை நிரப்பும்.

எவ்வளவு கண்ணாடி போடுவது? இதற்குக் கணக்கு உண்டு. முகத்தின் கன அளவு 400 மில்லி என்றால், அதை இரண்டரையால் பெருக்குங்கள். ஒரு கிலோ. தொட்டியில் ஒட்டிக்கொள்வதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். காமர்ஸ் படித்தவர்கள் ‘நார்மல் லாஸ்’ என்று எழுதுவோமே, அது.

ஆச்சா? அச்சு நிரம்பியாகிவிட்டது. ரியாலிட்டி ஷோ என்றால் இங்கே கைதட்டல் வந்திருக்கும். வீட்டுச் சூளை வீடியோக்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ‘சில நாட்கள் கழித்து’ என்று ஒரு கார்டு போட்டுவிட்டு, பிளாஸ்டரை உடைத்து உள்ளேயிருந்து சிலையை எடுப்பதை செல்போன் அன்பாக்ஸிங் மாதிரி காட்டுகிறார்கள்.

உண்மையில் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. சூடான கண்ணாடி ஆறும்போது வெளிப்பக்கம் முதலில் இறுகும். உள்ளே இன்னும் சூடு. பிறகு உள்பக்கமும் ஆறிச் சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிப்போன வெளிப்பக்கம் விடாது. கூட்டுக் குடும்பச் சண்டை மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழுபறி. அந்த இழுபறி அப்படியே உறைந்துவிட்டால், அன்றைக்கோ அடுத்த வாரமோ, யாரும் தொடாமலே சிலை இரண்டாகப் பிளக்கும். ஆகவே கண்ணாடியை ஒரு குறிப்பிட்ட சூட்டில் நிறுத்தி, உள்ளும் புறமும் சமமாகும்வரை காத்திருந்து, அதன்பின் மிக மிக மெதுவாக இறக்க வேண்டும்.

எவ்வளவு மெதுவாக? அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரில் 1974-ல் தொடங்கிய ‘புல்ஸ்ஐ’ என்ற கண்ணாடி நிறுவனம், இதற்கு ஓர் அட்டவணை போட்டிருக்கிறது. வீட்டுச் சூளைக்காரர்களின் பஞ்சாங்கம். 482 டிகிரியில் நிறுத்தச் சொல்கிறார்கள். 1 அங்குல கனமுள்ள பலகை என்றால், நிறுத்தி இறக்க மொத்தம் சுமார் 14 மணி நேரம். 2 அங்குலம்? 28 மணி என்று நினைப்பீர்கள். இல்லை, சுமார் 47 மணி. 4 அங்குலத்துக்கு 170 மணி, அதாவது ஒரு முழு வாரம். 8 அங்குலத்துக்கு 654 மணி. 27 நாள்! கனம் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகப் போகிறது. எந்தக் கந்துவட்டிக்காரரும் இந்த ரேட்டில் வாங்கமாட்டார்.

இதிலும் ஒரு பொடி எழுத்து நிபந்தனை உண்டு. இந்த நேரமெல்லாம் ஒரே சீரான கனமுள்ள பலகைக்கு. உங்கள் சாமானில் ஓரிடம் கனம், ஓரிடம் மெல்லிசு என்றால், மிகக் கனமான இடத்தை அளந்து, அதைப்போல் இரு மடங்கு கனத்துக்கான நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மாம்பழ முகத்தில் மூக்குப் பக்கம் 2 அங்குலம், காது ஓரம் மெல்லிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான பலகையாக இருந்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். முகமாக இருப்பதால் ஒரு வாரம். ஆக, ஒரு மூக்கின் விலை ஐந்து நாள் மின்சாரம்.

நடுவில் கரன்ட் போனால்? நம்மூர் வாசகர்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதே பயம் சரித்திரத்தின் மிகப் பிரபலமான வார்ப்புக் கண்ணாடிக்கும் வந்தது. கலிஃபோர்னியாவின் பாலோமர் மலைத் தொலைநோக்கிக்கு 200 அங்குல அகலத்தில் ஒரு கண்ணாடி வட்டு தேவைப்பட்டது. நியூயார்க் மாகாணத்தில் கார்னிங் நகரத் தொழிற்சாலையில், 1934 மார்ச்சில் முதலில் வார்த்தார்கள். அச்சுக்குள் இருந்த சில கட்டைகள் சூடு தாங்காமல் பிய்த்துக்கொண்டு மேலே மிதந்தன. அதே வருடம் டிசம்பரில் மறுபடி வார்த்தார்கள். இருபது டன் கண்ணாடி. சுமார் பத்து மாதம் ஆறவிட வேண்டும். 1935 ஜூலையில் ஊருக்குள் வெள்ளம் வந்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிகளைச் சில நாள் நிறுத்தவேண்டியதாயிற்று. அதற்காக அவசரப்பட்டு யாரும் மூடியைத் தூக்கவில்லை. பிழைத்தது. 1948-ல் தொலைநோக்கி திறப்பு விழா கண்டது. நல்ல கண்ணாடி அலுமினியப் பூச்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டு நட்சத்திரங்களைப் பார்க்கிறது. ஃபெயிலான முதல் வட்டுதான் கார்னிங் மியூசியத்தில் நின்று, வருகிறவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்கிறது!

சரி, இவ்வளவு அவஸ்தைப்பட்டுக் கனமாகவும் ஏற்ற இறக்கமாகவும் ஏன் செய்ய வேண்டும்? மெல்லிசாக, தட்டையாக, ஒரே ராத்திரியில் ஆறுகிற மாதிரி செய்துவிட்டுப் போகலாமே?

நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். வீட்டுச் சூளைச் சிற்பங்கள் என்று நான் பார்த்தவற்றில் பாதிக்குமேல் சர்பத் கடை. சிவப்பு, பச்சை, நீலம், நடுவில் ஒரு தங்கத் தகடு. கனத்தில் ஏற்ற இறக்கம் வைக்கப் பயம். அந்தக் குறையை மறைக்க வண்ணம். மின்கட்டணம் கட்டுகிறவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் அது கலர்ப் பலகைதான், சிற்பமில்லை.

சிற்பம் எது என்று பார்க்க, செக் நாட்டு தம்பதி ஒருவரிடம் போக வேண்டும். ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி (1921–2002), யரோஸ்லாவா ப்ரிக்டோவா (1924–2020). ஷெலெஸ்னி ப்ரோட் என்ற சின்ன ஊர். 1954-ல் சந்தித்து, அவர் சாகும்வரை சேர்ந்தே வேலை செய்தார்கள். அவர் கரியிலும் வண்ணத்திலும் வரைவார். அந்த ஓவியத்தை இவர் களிமண்ணில் உருவமாக்குவார். அங்கிருந்து அச்சு, அச்சிலிருந்து கண்ணாடி. அவர்கள் பயன்படுத்தியது வீட்டுச் சூளை அல்ல, பெரிய சூளை. ஆனால் இன்று கார் ஷெட்டில் வார்க்கிற ஒவ்வொருவரும் இவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

இவர்களின் ‘சிவப்புப் பிரமிடு’ (1993) கார்னிங் மியூசியத்தில் இருக்கிறது. முழுக்க ஒரே சிவப்பு. ஆனால் பார்த்தால் ஒரே சிவப்பாக இல்லை. கனமான இடத்தில் கருஞ்சிவப்பு, இன்னும் கனமான இடத்தில் கிட்டத்தட்ட இருட்டு, மெல்லிய இடத்தில் தணல். ஒரே டம்ளர் டீயை ஓரத்தில் பார்ப்பதற்கும் நடுவில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்! பெயின்ட்டும் கிடையாது, இரண்டாவது வண்ணமும் கிடையாது. கண்ணாடியின் கனத்தை மட்டும் கூட்டிக் குறைத்து, வெளிச்சத்தை வைத்தே ஓவியம் போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தில் குழித்துவிட்டு முன்பக்கம் வழியே பார்க்கவைப்பதும் இவர்கள் கைவேலை. உள்ளே ஒரு உருவம் நிற்கிற மாதிரி தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது பள்ளம். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், கான்கிரீட் சுவரில் பதித்த கண்ணாடிக் கற்களுக்குள் விலங்குகளை இப்படித்தான் நடமாடவிட்டு, பெரும் பரிசை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது அந்த அட்டவணையை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஓரிடம் கனம், ஓரிடம் மெல்லிசு. சிற்பத்துக்கு அழகைத் தருவது அது. சூளையில் அதைப் பிளக்கப் பார்ப்பதும் அதேதான். எங்கே வெளிச்சம் அதிகம் விளையாடுகிறதோ, அங்கே ஆபத்தும் அதிகம். ஆகவே இந்தக் கலையில் ஒரு கலைஞரை எடைபோட நான் பார்ப்பது இரண்டு: எவ்வளவு கனத்துக்குத் துணிந்தார், எவ்வளவு நாள் காத்திருந்தார். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. துணிச்சல் மட்டும் இருந்தால் துண்டு துண்டாக வரும். பொறுமை மட்டும் இருந்தால் பேப்பர் வெயிட் வரும்.

நான் இவர்கள் சிற்பங்களைப் படத்திலும் வீடியோவிலும்தான் பார்த்திருக்கிறேன். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு போட்டோவில் ஒரு வெளிச்சம்தான் அகப்படும். காலை பத்து மணிக்கு ஒரு முகம், சாயங்காலம் ஐந்து மணிக்கு வேறு முகம் என்று மாறுகிற சாமானைப் போட்டோவில் மதிப்பிடுவது, கச்சேரிக்குப் போகாமல் போஸ்டரைப் பார்த்து விமர்சனம் எழுதுகிற மாதிரிதான். ஆனாலும் கனத்தின் கணக்கு படத்திலும் தெரிகிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1970-ல் ஜப்பானின் ஒசாகாவில் உலகக் கண்காட்சி. செக்கோஸ்லோவாக்கியாவின் அரங்கத்துக்கு இவர்கள் ‘வாழ்க்கை நதி’ என்று ஒரு வார்ப்புக் கண்ணாடிச் சுவர் செய்தார்கள். 22 மீட்டர் நீளம். நதி ஓடி ஓடி, ஓரிடத்தில் பனியாக உறைகிறது. அந்தப் பனியின்மேல் பூட்ஸ் தடங்கள். இரண்டு வருடம் முன்பு, 1968 ஆகஸ்டில், சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்திருந்தன. யாருடைய பூட்ஸ் என்று யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அதிகாரிகளுக்கும் புரிந்துவிட்டது. தடங்களைத் தேய்த்து எடுக்கச் சொன்னார்கள், தேய்த்தார்கள். ஆறின கண்ணாடியைத் தேய்ப்பது சாதாரண வேலையில்லை. தண்ணீர் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். அப்படி அரைத்தால் அந்த இடத்தில் கண்ணாடியின் கனம் குறையும். கனம் குறைந்த இடத்தில் வெளிச்சம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். உத்தரவு போட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.